அடுத்த நாவலைத் தேடி ஒரு ஷீட் போட்ட கதை

அடுத்தடுத்து மூன்று நாவல்களைப் பாதியில் மூடினேன். ஒன்றை 80ஆம் பக்கத்தில், இன்னொன்றை 112ல். மூன்றாவதை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்த காகிதமும் எங்கோ விழுந்துவிட்டது. மூன்றுமே "உங்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்" என்று தெரிந்தவர்கள் கைகாட்டியவை. அவர்கள் மேல் குற்றமில்லை. நான் ஏற்கெனவே கொண்டாடிய நாவல்களின் சாயல் மூன்றிலும் இருந்தது: கிராமம், மூன்று தலைமுறை, ஒரு பழைய பகை. எனக்குக் கிராமத்து நாவல் பிடிக்கும் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிய ஆறு வாரமும், ஒரு எக்செல் ஷீட்டும், உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவரின் ஒற்றைக் கேள்வியும் தேவைப்பட்டன. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை பட்டியல். பிடித்த நாவல்களை யோசித்து யோசித்து எழுதினேன், 15 வந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. நாலு பேர் முன்னால் "எனக்குப் பிடித்த நாவல்கள்" என்று மேடையில் வாசிக்கத் தயார் செய்த பட்டியல் மாதிரி இருந்தது. கனமான பெயர்கள், தடிமனான புத்தகங்கள். அதில் இரண்டை நான் மறுபடி தொட்டதே இல்லை. இன்னொன்றை முடிக்கும்போது "அப்பாடா" என்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதனால் நினைவை நம்பாமல், அலமாரியையும் போனில் இருக்கும் மின்னூல்களையும் நூலகத்தில் எடுத்தவற்றின் பட்டியலையும் வைத்துக் கடந்த ஏழு வருடத்தில் கை வைத்த நாவல்கள் எல்லாவற்றையும் எழுதினேன். 43 வந்தது. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி. மறுபடி படித்தேனா, ஒரு அத்தியாயமாவது? படித்த வாரத்தில் யாரையாவது பிடித்து நிறுத்தி அதைப் பற்றிப் பேசினேனா? இரவல் கொடுத்துத் திரும்பி வராமல், காசு கொடுத்து இன்னொரு பிரதி வாங்கினேனா? இந்த மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று வந்துவிட்டால் அதற்கு மேல் சாட்சியே வேண்டாம்.

மூன்றில் ஒன்றாவது தேறியவை 17. மீதியில் 9 பாதியில் விட்டவை. பாக்கி 17ஐ 'மதிக்கிறேன்' என்று தலைப்புப் போட்டுத் தனியாக ஒதுக்கினேன். நல்ல நாவல்கள்தான், படித்ததில் வருத்தமும் இல்லை. ஆனால் அடுத்ததைத் தேடுவதற்கு அவை வழி காட்டாது. மேடைப் பட்டியலில் இருந்த 15ல் 6 இந்த ஒதுக்கிய கும்பலில்தான் போய் விழுந்தன. மதிப்பதும் பிடிப்பதும் ஒன்றில்லை என்று தெரிந்தே இருந்தாலும், எண்ணிப் பார்க்கும்போது கொஞ்சம் உறைக்கிறது.

பாதியில் விட்ட 9ஐ மட்டும் தூக்கிப் போடவில்லை. பின்னால் அவைதான் பெரிய உதவி செய்தன.

முதலில் வகை பிரித்துப் பார்த்தேன். சமூகம், வரலாறு, துப்பறிதல், குடும்பம். ஒரு சாயங்காலம் வீண். பிடித்த 17ல் 8 'சமூக நாவல்', பாதியில் விட்ட 9ல் 5ம் 'சமூக நாவல்'. இரண்டு பக்கமும் ஒரே பெயர் ஒட்டும் என்றால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாசகருக்கு அடுத்த புத்தகம் எடுத்துக் கொடுப்பதை ஒரு தொழிலாகவே நூலகர்கள் செய்கிறார்கள், அவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தேடினேன். சியாட்டில் நகரத்தில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொல்வது எளிமையாக இருந்தது. ஒரு நாவலுக்குள் நுழைய நாலு வாசல்: கதை, பாத்திரம், களம், மொழி. எல்லா நாவலிலும் நாலும் இருக்கும். ஒரு வாசல் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். நாம் எந்த வாசல் வழியாக நுழையும் ஆள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இன்னொரு நூலகர் ஜாய்ஸ் சாரிக்ஸ், 1989ல் நான்சி பிரவுனுடன் சேர்ந்து எழுதிய கையேட்டிலேயே, எதைப் பற்றிய புத்தகம் என்று கேட்பதைவிட அதன் வேகம் என்ன, பாத்திரங்களை எப்படிக் காட்டுகிறது என்று கேட்கச் சொல்கிறார். பொருள் முக்கியமில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறார்கள்.

சரி என்று ஷீட்டில் ஆறு தலைப்புப் போட்டேன்: வேகம், கதைமுடிச்சு, பாத்திரம், இடம், மொழி, இருட்டு. கடைசியில் இருப்பது தொனிக்கு நான் வைத்த பெயர். 0 என்றால் வாய்விட்டுச் சிரிக்கலாம், 3 என்றால் படித்து முடித்து இரண்டு நாள் யாருடனும் பேச்சில்லை. 26 நாவல்களுக்கும் (17 பிடித்தவை, 9 விட்டவை) ஒவ்வொரு தலைப்பிலும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 10க்குப் போட்டால் 6ஆ 7ஆ என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், 3 போதும்.

இரண்டு நாவல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கக் கொசைன் ஒப்புமை போட்டேன். பள்ளியில் படித்த அதே கொசைன்தான். இரண்டு வரிசைகளையும் எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டி, ஒவ்வொரு வரிசையின் நீளத்தாலும் (எண்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) வகுப்பது. ஷீட்டில் SUMPRODUCT, SUMSQ, SQRT என்ற மூன்று ஃபார்முலாவும் தெரிந்தால் முடிந்தது. 1 வந்தால் இரண்டும் ஒரே திசை, 0 வந்தால் சம்பந்தமில்லை.

போட்டுப் பார்த்தால் எல்லாமே 0.9க்கு மேல்! உயிராகப் படித்ததும் எரிச்சலில் மூடியதும் 0.93. ஃபார்முலாவில்தான் தப்பு என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். ஃபார்முலா சரியாகத்தான் இருந்தது. தப்பு என் மதிப்பெண்ணில்.

மூன்று தலைப்பை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். ஒரு நாவல் 3, 2, 3. இன்னொன்று 2, 3, 2. பெருக்கிக் கூட்டினால் 6 + 6 + 6 = 18. முதலாவதின் நீளம் 9 + 4 + 9 = 22இன் வர்க்கமூலம், அதாவது 4.69. இரண்டாவதின் நீளம் 17இன் வர்க்கமூலம், 4.12. 18ஐ இரண்டாலும் வகுத்தால் 0.93. ஆனால் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது, ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்குகிறது. எல்லா எண்ணும் நேர் எண், எல்லாமே மேல்பக்கம் கும்மி அடித்துக்கொண்டிருக்கின்றன, அதனால் எல்லாம் ஒரே திசையைப் பார்ப்பது போல ஒரு தோற்றம். இதற்கு மருந்து, ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ள சராசரியைக் கழித்துவிடுவது. மூன்றிலும் சராசரி 2.5 என்று வைத்துக்கொண்டால், முதல் நாவல் 0.5, -0.5, 0.5 ஆகிறது. இரண்டாவது -0.5, 0.5, -0.5. இப்போது கொசைன் -1. நேர் எதிர். 0.93 என்று காட்டியது, கழித்த பிறகு -1! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், அந்த மாதம் படித்த எந்த நாவலும் தராதது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான்.

ஷீட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு நாவலை மறைத்துவிட்டு, மீதி 25ல் அதற்கு மிக நெருக்கமான மூன்றைப் பார்ப்பது. அந்த மூன்றில் குறைந்தது இரண்டு பிடித்தவை என்றால் மறைத்ததும் பிடித்திருக்க வேண்டும், இல்லை என்றால் விட்டதாக இருக்க வேண்டும். 26ஐயும் இப்படி ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தேன். 17 சரியாக வந்தது. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: எதையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு 26க்கும் "பிடிக்கும்" என்று சொன்னாலே 17 சரியாக வருமே! பிடித்தவை 17தானே. மூன்று வாரம் உழைத்துக் கட்டிய எந்திரம் ஒரு சோம்பேறியின் பதிலைத் தாண்டவில்லை.

இந்த இடத்தில்தான் அக்கா வந்தார். இருபது வருடமாக வாரம் ஒரு நாவல் படிப்பவர், ஷீட்டெல்லாம் கிடையாது. மதியம் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எந்தப் புத்தகம்டா உனக்கு ரொம்ப உசுரு?"

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யையும் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தையும் காட்டினேன். இரண்டும் இரவல் போய்த் திரும்பாமல் மறுபடி வாங்கியவை.

"சரி, கண்ண மூடிக்க. அந்தப் புத்தகத்த நெனச்சா மொதல்ல என்ன வருது? நடந்ததா, இல்ல அதச் சொன்ன ஆளா?"

"ஆசான் வர்றாருக்கா. அவர் பேசறது காதுல விழுது."

"இன்னொண்ணுல?"

"அந்தப் பூட்டி."

"அப்ப ரெண்டுலயும் ஒரு கெழடு உக்காந்து கதை சொல்லுது. அதுக்கு உன் ஷீட்டுல எடம் எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை.

1966ல் வந்த புளியமரத்தில், தாமோதர ஆசான் இளவட்டங்களுக்கு மரத்தின் பழங்கதைகளைச் சொல்வார். அதைக் கேட்ட ஒருவன்தான் நமக்கு நாவலைச் சொல்கிறான். 1976ல் வந்த கோபல்ல கிராமத்தில், தாங்கள் எங்கிருந்து தப்பித்து வந்தோம் என்று அந்தப் பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் சொல்ல, குடும்பமே கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்று ஒரு முச்சந்தி மரத்தைப் பற்றியது, மற்றது ஒரு மக்கள் கூட்டத்தின் இடப்பெயர்ச்சி. பொருளில் தூரம். சொல்லும் முறையில் அடுத்தடுத்த வீடு. நான் கிராமத்துக்காகப் படித்திருக்கவே இல்லை. வயதான ஒருவர் வாய்திறந்து கதை சொல்லும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். கிராமம் அந்தக் கதையோடு கூட வந்தது.

ஏழாவது தலைப்பைச் சேர்த்தேன்: 'சொல்லும் குரல்'. கதைக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னால் 3. ஆசிரியர் மறைந்துகொண்டு காட்சி காட்சியாகக் காட்டினால் 0. 26க்கும் மதிப்பெண் போட்டபோதே கை நின்றுவிட்டது. பாதியில் விட்ட 9ல் 7க்கு 0 அல்லது 1. எல்லாம் தரமான நாவல்கள், ஆனால் கேமரா மாதிரி தூரத்தில் நின்று பார்ப்பவை. மறுபடி மறைத்துப் பார்க்கும் சோதனை: 26ல் 22. சோம்பேறியை ஐந்து மதிப்பெண்ணில் தாண்டியாயிற்று.

தப்பிய நாலில் ஒன்று ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972ல் வந்தது. அதில் கிழவரும் இல்லை, முன்னால் உட்கார்ந்து கேட்பவரும் இல்லை. போர்க்காலத்து மெடான், பினாங்கு, கடல். எனக்கு ஏன் பிடித்தது என்று ஷீட்டால் சொல்ல முடியவில்லை. என் யூகம், அதில் பாண்டியனின் மனமே ஓயாமல் பேசிக்கொண்டும் பழசைக் கிளறிக்கொண்டும் இருக்கிறது, அதனால் சொல்பவரும் கேட்பவரும் அவனே. அதற்காக எட்டாவது தலைப்புப் போட மனம் வரவில்லை. 26 நாவலுக்கு எட்டுத் தலைப்பு என்றால் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிடும், புதிதாக எதையும் கண்டுபிடிக்காது.

இடையில் எந்திரத்தையும் விட்டு வைக்கவில்லை. நாவல் பரிந்துரைக்கும் கணினி நிரல் புதிதொன்றுமில்லை. 1979லேயே எலைன் ரிச் என்ற ஆய்வாளர் 'கிரண்டி' என்று ஒன்றைச் செய்திருக்கிறார். உங்களைப் பற்றிச் சில சொற்கள் சொல்லச் சொல்லும், அதை வைத்து இன்ன மாதிரி ஆள் என்று ஊகித்து நாவல் சொல்லும். இப்போது இணையக் கடைகளில் நடப்பது வேறு. 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்ற வழி; அமேசான் பொறியாளர்கள் 2003ல் அதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். யார் எதை எதோடு சேர்த்தார்கள் என்பதே போதும்.

செய்து பார்க்க 'குட்புக்ஸ்-10கே' என்று 2017ல் வெளியான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 10,000 புத்தகம், ஏறத்தாழ 60 லட்சம் மதிப்பீடு. என் 17ல் அதில் இருந்தவை 3தான், மூன்றும் உலகம் முழுக்க ஓடியவை. தமிழ் நாவல்கள் அந்தப் பத்தாயிரத்துக்குள் வராது, அது எதிர்பார்த்ததுதான். மூன்றையும் கொடுத்தேன். முதல் ஓட்டத்தில் வந்தவை எல்லோரும் படிக்கும் பத்துப் புத்தகங்கள். எல்லோரும் படிப்பதால் எதோடும் சேர்ந்து வரும். புகழுக்கு ஏற்றபடி மதிப்பைக் குறைத்து மறுபடி ஓட்டினேன், அதே ஆசிரியர்களின் மற்ற புத்தகங்களும் தொடர்களின் இரண்டாம் பாகங்களும் வரிசையாக வந்தன. தப்பில்லை, ஆனால் அதைச் சொல்ல எந்திரம் எதற்கு? மூன்று நாள் செலவழித்ததும் விட்டுவிட்டேன். பின்னட்டையைப் பார்த்தால் தெரிவதைத்தான் அது சொன்னது.

இனி உண்மையான சிக்கல். படிக்காத நாவலுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? பின்னட்டை உதவாது, அதில் பொருள் மட்டும்தான் இருக்கும். மதிப்புரைகளும் பெரும்பாலும் கதைச் சுருக்கம். நான் கடைசியில் பிடித்துக்கொண்ட வழி இது: முதல் இரண்டு பக்கம், நடுவில் எங்காவது நாலு பக்கம். முதல் பக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. ஆசிரியர் அதைத்தான் அதிக முறை திருத்தியிருப்பார், மாப்பிள்ளை மாதிரி தலைவாரி நிற்கும். நடுப்பக்கத்தில்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் எழுத்து தெரியும். அங்கே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: யாராவது யாருக்காவது எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? "அப்புறம் கேளு", "அந்தக் காலத்துல" மாதிரி ஒரு வரி தட்டுப்படுகிறதா? நாலு பக்கத்தில் ஒரு முறையாவது வந்தால் 2 போடுவேன். மின்னூலின் இலவச மாதிரியில் நடுப்பக்கம் கிடைக்காது, அதற்கு நூலகம்தான்.

14 நாவல்களை இப்படிப் புரட்டி மதிப்பெண் போட்டதில் மூன்று மேலே வந்தன.

முதலாவது காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. 1967ல் ஸ்பானிஷ் மொழியில் வந்தது. இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதன் புகழ், மேடைப் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். பாட்டி முகம் மாறாமல் அதிசயங்களைச் சொன்ன தோரணையில்தான் அதை எழுதியதாக மார்க்கேஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததும் எடுத்தேன். முடித்தேன், பிடித்தது. ஆனால் உசுரு இல்லை. ஔரேலியானோக்களும் ஹொசே அர்க்காதியோக்களும் தலைமுறை தலைமுறையாக வர, வம்ச மரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் நகர்த்திக்கொண்டே படித்தேன். குரல் இருந்தது, பாட்டி தெரிந்தார். எதிரே உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்க ஆள் இல்லை. எனக்குச் சொல்பவர் மட்டும் போதாது, கேட்பவரும் கதைக்குள் இருக்க வேண்டும் போல. இதை ஷீட்டில் குறிப்பாக எழுதி வைத்தேன்.

இரண்டாவதை 70ஆம் பக்கத்தில் விட்டேன். பெயர் வேண்டாம், அதன் மேல் தப்பில்லை. கிழவரும் இருந்தார், பேரனும் இருந்தான், ஷீட்டின்படி ஒப்புமை 0.8. ஆனால் முந்தைய பெரிய நாவலை மூடிய இரண்டாவது நாளே இதை எடுத்தேன். இன்னொரு வம்சம், இன்னொரு வெள்ளம், இன்னொரு சாவு. ஆறிப்போவதற்குள் அதே சாப்பாட்டை மறுபடி பரிமாறின மாதிரி. ஷீட் எனக்கு எது பிடிக்கும் என்று சொல்லும், எப்போது பிடிக்கும் என்று அதற்குத் தெரியாது. இதற்கு ஒரு கைவைத்தியம் செய்தேன்: கடைசியாக முடித்ததோடு 'இருட்டு' அல்லது 'வேகம்' ஏதாவது ஒன்றிலாவது 2 மதிப்பெண் வித்தியாசம் இருந்தால்தான் அடுத்ததாக எடுப்பது. நான்சி பேர்லின் 50 பக்க விதியையும் அப்போதே சேர்த்துக்கொண்டேன். 50 பக்கம் படி, பிடிக்கவில்லையா, மூடு. 50 வயது தாண்டியவர்கள் 100லிருந்து வயதைக் கழித்து வருவதை மட்டும் படித்தால் போதும். அக்காவிடம் சொன்னேன். 54 வயது, 46 பக்கம். "நாலு பக்கம் மிச்சம்" என்றார்.

மூன்றாவது பஷீரின் 'எங்கள் உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது', 1951ல் மலையாளத்தில் வந்தது. சின்னப் புத்தகம். தாத்தாவின் ஆனையைப் பற்றி அம்மா ஓயாமல் பெருமை பேச, குஞ்ஞுபாத்தும்மா கேட்டு வளர்கிறாள். சொல்பவர் உண்டு, கேட்பவர் உண்டு, இருட்டு கம்மி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்து, மறுநாள் அக்காவைப் பிடித்து நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கேள்வியில் தேறிவிட்டது. அந்தப் பிரதி இப்போது அவரிடம் இரவலில் இருக்கிறது.

ஷீட்டில் இப்போது 29 வரிசை. 30ஆவதை நேற்று ராத்திரி தொடங்கினேன். முதல் 40 பக்கம் படிக்க வறட்சியாக இருந்தது, மழையும் நிலமும்தான், ஆள் பேச்சே இல்லை. மூடலாமா என்று யோசித்தேன், விதிப்படி இன்னும் பத்துப் பக்கம் பாக்கி. 46ஆம் பக்கத்தில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்து, எதிரில் இருந்த பையனிடம் வெற்றிலைப் பெட்டியைத் தள்ளு என்றிருக்கிறார்.